உப்புமாவும் சாப்பாடுதான்

சென்ற ஐப்பசியில், ஒரு கிருத்திகையன்று, காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். முற்பகலில் அறுவை சிகிச்சை. "காலையில சாப்பிடாம வாங்க" என்று முதல்நாளே சொல்லியிருந்தார்கள். விரத நாளோடு அது பொருந்தி வந்ததை முருகன் திருவருள் என்றே எண்ணிக்கொண்டு கோட்டுச்சேரியிலிருந்து ஆட்டோவில் வந்து சேர்ந்தோம்.

செவிலியர் வந்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, இன்னிக்கு விரதம்" என்றாள் மனைவி. நானும் தலையசைத்தேன். செவிலியர் குறித்துக்கொண்டு போனார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் மகளுக்குத் துணையாக ஒரு முஸ்லிம் அம்மாள் வந்திருந்தார். டப்பாவைத் திறந்தவர், எங்களை விட்டு உண்ண மனமில்லாமல், "பசியாறிட்டீங்களா?" என்று என் மனைவியைக் கேட்டார். காலை உணவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆச்சுங்க. கிளம்புறப்போ ரவை உப்புமா கொஞ்சம். விரதமாச்சே, சாப்பாடு கிடையாது."

அவளை அழைத்துச் செல்ல அப்போதுதான் தள்ளுகட்டிலோடு வந்த செவிலியர் அப்படியே நின்றுவிட்டார். "சாப்பிடலன்னு சொன்னீங்களேம்மா!"

"சாப்பிடலையே. உப்புமாதானே?"

"உப்புமா என்ன காத்தா?" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டார். செவிலியர் சிரிக்கவில்லை.

மயக்க மருத்துவர் வந்தார். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று நிதானமாக விளக்கினார். மனைவி, "தினமும் போடுற மாத்திரைய வெறும் வயித்துல போடக் கூடாதுன்னுதானே..." என்று மெல்ல இழுத்தாள். சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. விரதம் என்றால் சோற்றை விலக்கிப் பலகாரம் உண்பது. அந்தச் செவிலியருக்கோ சாப்பாடு என்றால் வாய்வழி உள்ளே போகும் எதுவும். கேட்டவர் தமிழிலேயே கேட்டார். நாங்களும் தமிழிலேயே பதில் சொன்னோம். பதிகங்களைப் பதம் பிரித்து, ஒரே சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறுவதைக் கோயில் மண்டபத்தில் மணிக்கணக்கில் விளக்குகிறவன் நான். என் வீட்டுச் சொல் ஒன்று வெளியே வேறு பொருள்படும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை அதே செவிலியர் வந்தார். "நேத்து ராத்திரியிலேருந்து வாயில என்னென்ன போட்டீங்க? தண்ணி, வெத்தலை, விபூதிகூட விடாம சொல்லுங்க" என்றார். மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லம்மா" என்றாள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

இப்போதெல்லாம் ஒருவர் "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ சொன்னால் நான் அதோடு விட்டுவிடுவதில்லை. எதற்கு அந்த ஆமாம், எதற்கு அந்த இல்லை என்று இன்னொரு கேள்வி கேட்ட பிறகுதான் என் மனம் அமைதியடைகிறது.