கண்ணை நம்பாத மேஸ்திரி

கட்டட வேலை செய்கிறவர்கள் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் பதித்த டைல்ஸ் ஒரு நூல் ஏறியிருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டம் அவள் பையில் சும்மாதான் கிடக்கும். ஆண்கள் மட்டுமே மேஸ்திரியாக இருந்த வேலையில், கையாளாகச் சேர்ந்து மேஸ்திரியாக உயர்ந்தவள்.

நாற்பத்து மூன்று வயதில், ஒரு காலையில், கலவைச் சட்டி அவளுடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. கூடவே அவளும் விழுந்தாள். பக்கவாதம்.

கை கால் மூன்று வாரத்தில் ஓரளவு திரும்பிவிட்டன. அதன்பிறகு டாக்டரம்மா அவள் முன்னால் ஒரு அட்டையை வைத்தார். விசிறிபோல் விரிந்த கோடுகள். மேலே தனியாக இருந்த இரண்டு கோடுகள் எந்தெந்தக் கோட்டின் சாய்வில் இருக்கின்றன என்று காட்ட வேண்டும். இப்படி முப்பது அட்டைகள்; ஒன்பதுதான் சரி.

"கண்ணுல கோளாறா டாக்டரம்மா?"

"கண்ணு நல்லா இருக்கும்மா. பாக்கிறது என்ன பொருள்னு கண்டுபிடிக்கிற இடம் மூளையில கீழ, காது பக்கமா இருக்கு. அதுவும் நல்லா இருக்கு. அது எங்க இருக்கு, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு எடைபோடுற இடம் வலது பக்கம், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால. அங்கதான் அடி. இடது பக்கம் இருக்கிறதும் உங்க கவனத்துக்கு வராம போகும்."

பஸ் கண்டக்டரான கணவர் சிரிக்கவைக்கப் பார்த்தார். "நேரானது கோணலாத் தெரியுதுன்னா, என் கோணல் மூஞ்சி இனிமே நேராத் தெரியுமே!"

அவள் சிரிக்கவில்லை. "எப்ப வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டாள்.

"வேற வேலை பாத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

இரண்டு மாதம் கழித்து கான்ட்ராக்டர் முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனுஷன்தான். "டைல்ஸை ஊறவை, கலவை போடு. கையாளா இரும்மா, போதும்" என்றார்.

"ஒரு குளியலறை குடுங்க. கெட்டுப்போச்சுன்னா நானே போயிடுறேன்."

கொடுத்தார். பழைய பழக்கத்தில் கண்ணை நம்பியே பதித்தாள். மூன்றாவது வரிசை இடப்பக்கம் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது. அவளுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. "சுவர்தான் கோணலா இருக்கு" என்று பார்க்க வந்த கான்ட்ராக்டரிடம் வாதாடினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ரசமட்டத்தை வைத்தாள். குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சுவர் மேல் தப்பில்லை. கலவை இறுகுவதற்குள் மூன்று வரிசையையும் பெயர்த்தெடுத்தாள்.

மறுநாள் இடது சுவரில் தரையிலிருந்து இடுப்பு வரை சிவப்புப் பெயின்ட் கோடு ஒன்று இழுத்தாள். அந்தச் சிவப்பு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டும் என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஒவ்வொரு டைல்ஸுக்கும் நூல் கட்டினாள்; ரசமட்டம் வைத்தாள்; இணைப்பில் விரல் ஓட்டித் தடுக்குகிறதா என்று பார்த்தாள். கண் "சரி" என்றால் மறுபடி அளந்தாள். ஒருநாள் வேலை மூன்று நாள் இழுத்தது. பக்கத்து அறை மேஸ்திரி, "சினிமா முடிஞ்சு ரெண்டாவது ஆட்டமும் ஓடிருச்சு" என்றான். காதில் வாங்கவில்லை.

கான்ட்ராக்டர் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் கொட்டினார். எங்கும் தேங்காமல் அது குழிக்குப் போய் இறங்கியது. டைல்ஸ்களைத் தட்டிப் பார்த்தார். எதுவும் அடியில் கலவையில்லாமல் பொக்காக ஒலிக்கவில்லை.

"மூணு நாளாச்சேம்மா."

"முப்பது வருசம் இதுல குளிக்கப் போறாங்கண்ணே. மூணு நாள் பொறுக்க மாட்டாங்களா?"

அவர் உடனே அடுத்த வேலை தந்துவிடவில்லை. ஆனால் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்துப் பதிக்க வேண்டிய, அவசரக்காரர்கள் தொடப் பயப்படுகிற அறைகள் மெல்ல அவளிடம் வரத் தொடங்கின. சாரத்தில் ஏறுவதை அவளே விட்டுவிட்டாள். கதவு நிலையில் இடது தோள் இப்போதும் இடிக்கிறது. நிலையைத் திட்டிவிட்டுப் போவாள்.

போன வாரம் புதிதாக வந்த இன்ஜினியர், அவள் விரலால் தடவித் தடவிப் பதிப்பதைப் பார்த்து, "உங்களுக்குக் கண்ணு தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார். அதை நம்புறதில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கலவை காயுது."