நடவுப் பாட்டுக்கு நான் சேர்த்த கமகம்

போன மாதம் அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுக் கூடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர் வயலினும் செல்லோவுமாக வாசித்தார்கள். முப்பது பேருக்கு மேல் கொள்ளாத கூடம். ஒரு மெட்டுக்கு முன்னால் ஒருவர் எழுந்து, "இது எங்கள் ஊரில் கதிர் அறுப்பவர்கள் பாடியது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எனக்கு வாசிப்பு காதில் ஏறவில்லை. கூடத்தில் வில்லுக்குப் பூசும் ரோசின் வாசனை. என் மூக்கிலோ சேற்று வாசனை.

அது கீழ்பென்னாத்தூர்ச் சேறு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே நான் அறிவியல் வாத்தியார். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வயல். நடவு நாட்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே பாடுவார்கள். குப்பம்மாள் முதல் அடி எடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நான் பாதரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே மேஜையில் விரலால் ஸ்வரம் தேடுவேன். சாருக்கு நரம்புக் கோளாறு என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேங்கிக்காலில் நண்பர் வீட்டில் எங்கள் சின்னக் கச்சேரி. நண்பர் வீணை, அவர் தம்பி மிருதங்கம், நான் வயலின். ஒருநாள் அந்த நடவு மெட்டை ஆனந்தபைரவியில் இழைத்துக் கடைசியில் வாசித்தேன்.

"யாருடா போட்ட மெட்டு?" என்றார் நண்பர்.

"நான்தான்."

ஒரே சொல். நாற்பது வருஷம் அதற்குப் பாராட்டு வாங்கினேன். கூச்சப்படுவது போலத் தலையும் குனிந்துகொள்வேன். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அந்த வெளிநாட்டுக் கச்சேரிக்கு மறுநாள், வயலினோடு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். குப்பம்மாள் தன் மகன் வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் பாட்டை என்னுடையது என்று சொல்லிவந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"பாட்டுதானே சார்? நாத்துக்கட்டத் தூக்கினு போயிருந்தா அன்னிக்கே உட்டிருக்க மாட்டேன்" என்று சிரித்தார். "எங்க, வாசிங்க."

பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இன்னா சார், மூச்சே உட மாட்டேன்றீங்க? அந்த எடத்துல நாங்க பாட மாட்டோம். அடுத்த நாத்துக்கட்டுக்குக் கைய நீட்டுவோம்."

அந்த இடைவெளியைக் குறை என்று நினைத்துத்தான் ஸ்வரத்தை அசைத்து ஒரு கமகத்தைப் போட்டு நிரப்பியிருந்தேன். எல்லோரும் மெச்சியது அந்தக் கமகத்தைத்தான்.

"உங்க பேரைச் சொல்லலாமா?"

"என் பேர மட்டும் சொன்னா மத்தவளுங்க சண்டைக்கு வருவாளுங்க. கீழ்பென்னாத்தூர் நடவுக்காரிங்கன்னு சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு வேங்கிக்காலில், வாசிப்பதற்கு முன் அப்படியே சொன்னேன்.

"நாப்பது வருஷத்துப் பாராட்டையும் திருப்பிக் குடுடா" என்றார் நண்பர். பிறகு, "சரி, இப்பவாவது ஒழுங்கா வாசி."

குப்பம்மாள் பாடிய வயலில் இப்போது இயந்திரம் நடுகிறது. நாற்றுக்கட்டும் இல்லை, அதற்குக் கை நீட்டுபவர்களும் இல்லை. அன்று வாசிக்கையில், அவர்கள் கை நீட்டும் அந்த இடம் வந்ததும் நான் வில்லைத் தூக்கினேன். மிருதங்கமும் நின்றது. மூன்று பேரும் காத்திருந்தோம்.