ராஜாவின் நெற்றியில் குங்குமம்

1986இல், நாடு விட்டு வந்த எங்களுக்குச் சான்ட்ரிங்ஹாமில் வீடு வாடகைக்குத் தந்தவர் ஒரு மலேசியத் தமிழர். வெளுத்த மீசை, இறுக்கிய டை. கூடத்தில் ஆங்கிலோ-சாக்சன் அரசர்களின் கதைகளைக் காட்டும் பழைய அச்சுப்படங்களை மாட்டியிருந்தார். வரும்போதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்க்குமுன் அவற்றை விரலால் நிமிர்த்துவார்.

வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களுக்குப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஒருநாள், மரத்தில் கட்டுண்டு அம்பு தைத்து நின்ற அரசருக்கும் என் மனைவி கண்ணாடிமேல் குங்குமம் வைத்துவிட்டாள்.

“இது சாமி இல்லலா, ராஜா!” என்று, அன்று வந்து அதைக் கண்ட அவர் தன் மலேசியத் தமிழில் கத்தினார். “எதிரி தலைய வெட்டிட்டான். வெட்டின தலைக்கு ஓநாய் காவல் இருந்திச்சு. தேடி வந்தவங்கள அந்தத் தலையே கூப்பிட்டுச்சு. வரலாறு தெரியுமா உங்களுக்கு?”

“வெட்டின தலை கதைச்சதோ? அப்ப சாமிதானே, அண்ணை!” என்றாள் அவள்.

“காட்டானுங்களா! இந்த மாசத்தோட வீட்ட காலி பண்ணுங்க.”

அவளுக்கு அது நிறைமாதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கைக்குட்டையுடன் படத்தை நெருங்கினார். எங்கள் கூடத்தில் எப்போதும் சப்பாத்தோடு நடப்பவர், குங்குமத்தைத் துடைக்குமுன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சப்பாத்தை ஏன் கழற்றினார் என்பதும் இன்னும் விளங்கவில்லை.