சைக்கிள் டியூபில் ஓடிய நாதசுரம்

குத்தாலத்து மைக் செட் சிவசாமிக்கு இரண்டு உயிர். ஒன்று மனைவி தையல்நாயகி, இன்னொன்று ரெக்கார்டு பிளேயர். எது முதல் உயிர் என்று கேட்டால் தையல்நாயகியே சிரித்துக்கொண்டு பிளேயரைத்தான் காட்டுவாள். பண்ணை வீட்டுக் கல்யாணங்களுக்கே பாட்டுப் போட்டுப் பழகிய மனுஷர், அந்தத் தை மாதம் முதல் தடவையாகக் கூலிக்காரர் தெருவுக்குச் சைக்கிளில் பிளேயரும் ஒலிபெருக்கிக் குழாயும் பாட்டரியும் ஏற்றிக்கொண்டு போனார்.

கூப்பிட்டவள் நடவுக்காரி எல்லையம்மாள். கூலி கேட்டு நடந்த போராட்டத்தில் பண்ணை வீட்டு வாசலிலேயே நின்று, "எம் மவ கல்யாணத்துக்குக் குழாய் கட்டுவேன். உங்க கொல்லை வரைக்கும் கேக்கும்" என்று சவால் விட்டவள். கூலி உயர்ந்துவிட்டது. சவால்தான் பாக்கி.

விடிந்ததும் சிவசாமி பிளேயரின் தட்டைக் கழற்றித் தூசி துடைத்து, அப்படியே திறந்து வைத்துவிட்டு, குழாய் கட்டத் தென்னைமரம் ஏறினார். அந்த நேரம் பார்த்து எல்லையம்மாள் பயபக்தியோடு வந்தாள். புதிதாக வீட்டுக்கு வரும் எந்தக் கருவிக்கும் அங்கே சந்தனம், குங்குமம் உண்டு; சுழலும் கருவி என்றால் வண்டி அச்சுக்குப் போல எண்ணெயும் உண்டு. மனசு குளிர விட்டாள். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டு முழுக்க விளக்கெண்ணெய்.

சிவசாமி இறங்கி வந்து இசைத்தட்டைப் போட்டார். பெல்ட்டு வழுக்க, நாதசுரம் கன்று செத்த எருமை மாதிரி முனகியது. கழற்றித் துடைத்தார். கையோடு அறுந்து வந்தது.

"நாந்தான் கெடுத்துட்டேனாண்ணே?" எல்லையம்மாளின் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தார்கள்.

வாய் வரை வந்த வசவு, அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது. "நீங்க என்ன பண்ணுவீங்க? நாள்பட்ட ரப்பரு. பொண்ணுக்கு வாங்குன பவுடரைக் கொஞ்சம் கொண்டாங்க."

தன் சைக்கிளின் முன்சக்கர டியூபை உருவி, ஒல்லியான பட்டையாக நறுக்கி, பஞ்சர் பசையால் இரு முனையையும் ஒட்டினார். தொளதொளவென்று தொங்கியது. இன்னொன்று வெட்டினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்சமிருந்த எண்ணெய்ப் பிசுக்கு போகப் பவுடரைத் தூவித் துடைத்து, ஊசியை வைத்தார்.

ரப்பர் தடிமன். தட்டு வேகமாகச் சுழல, நாதசுரம் தலைதெறிக்க ஓடியது. சிவசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சித்த வேகமாத்தான் போவுது."

"போவட்டும்ணே. நடவுக்காரி வூட்டுக் கல்யாணம், அசைஞ்சு அசைஞ்சா பாடும்?" என்றாள் எல்லையம்மாள். தெருவே சிரித்தது. அந்த வேகத்திலேயே தாலியும் ஏறியது.

வெயில் தாழ்ந்ததும், வயிறாரச் சாப்பிட்ட சிவசாமி, டியூப் இல்லாத முன்சக்கரம் தடதடக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். பண்ணை வீட்டைத் தாண்டுகையில் பண்ணைக் கணக்கைப் பார்க்கும் காரியக்காரர் வைத்தியலிங்கம் மறித்தார்.

"என்னய்யா, காலையில நாதசுரம் அந்த ஓட்டம் ஓடுச்சு? எங்க அய்யா கொல்லையில பல்லு வெளக்க முடியாம உள்ள வந்துட்டாரு."

"கொல்லை வரைக்கும் கேட்டுச்சுங்களா?"

"நல்லாக் கேட்டுச்சு."

வீடு கிட்டத்தில்தான் இருந்தது. காலும் வலித்தது. ஆனால் இதை எல்லையம்மாளிடம் சொல்லாமல் படுத்தால் தூக்கம் வருமா? சிவசாமி சைக்கிளை வந்த வழிக்கே திருப்பித் தள்ளினார்.