கோடு கோணிப்போனால்

பென்சிலைப் பிடித்துத் தாளில் கோடு போட என் ஐந்து வயது மகளுக்கு வந்திருக்கும் பயம், நான் வேலை செய்யும் டெப் என்ற தொடுதிரைப் பலகையிலிருந்து வந்ததா, என்னிடமிருந்தா? பல வாரமாக யோசிக்கிறேன். ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறேன், மறுநாள் மறுபக்கம்.

ஹட்டனில் உள்ள ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே வடிவமைப்பு செய்து கொடுக்கிறேன். கலியாணக் கார்டு, சடங்கு பேனர், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று எது வந்தாலும் செய்வேன். எங்கள் தேயிலைத் தோட்ட வீட்டில் ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் மேசை அங்கே. மகளும் அங்கேதான், என் முழங்கையை ஒட்டி நின்றுகொண்டு பார்ப்பாள். வேலை இல்லாத நேரத்தில் டெப்பை அவளிடம் கொடுப்பேன். பூனையும் வீடும் வரைவாள்.

டெப்பில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தியதும் போகும். இந்த வசதி இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கவே மாட்டேன். தப்பினால் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் பழகாத நிறத்தைத் தொடுகிறேன், எழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறேன். ஆனால் அதே வசதியால் என் வேலை எதுவும் லேசில் முடிவதில்லை. போன மாதம் ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்கு பேனருக்கு மயில்நீலப் பின்னணி போட்டு அனுப்பினேன். பிறகு அதை ரோஸாக்கினேன். தங்க ஓரம் வைத்தேன், எடுத்தேன், திரும்பவும் நீலத்துக்கே வந்தேன். ஒவ்வொன்றையும் அனுப்பிக் கருத்துக் கேட்டேன். கடைசியில் பிள்ளையின் தகப்பன் போன் எடுத்தார்.

“தங்கச்சி, மொதல்ல ஒண்ணு அனுப்புனீங்கல்ல, அதையே அடிச்சிருங்க. இப்படி மாத்திக்கிட்டே இருந்தா புள்ளைக்குக் கலியாணமே வந்துரும்.”

சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகும் எழுத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மெலிதாக்கினேன்.

வேலை நெருக்கும் நாட்களில் மகளைப் பிள்ளைக் காம்பராவில் விடுவேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் அக்கா ஒரு மாலை என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“ஒங்க மக கோடு கோணுச்சுன்னா தாள ரெண்டு வெரலால தட்டுது தங்கச்சி. தட்டிட்டுத் தாளையே மொறைக்குது. பெறகு கிழிச்சுப்போட்டு அழுவுது.”

“ஐயோ, டெப்ல பாத்துப் பழகிருச்சுக்கா.”

“அது பரவால்ல. இப்ப எல்லாப் புள்ளைங்களும் தட்டுதுங்க. வெளையாட்டுன்னு நெனைச்சிருச்சுங்க. தாளும் மேசையும் படுற பாடு இருக்கே!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து என் வேலை முடிந்ததும் டெப்பை மகளுக்கு எட்டாதபடி பூட்டி வைத்தேன். மகளுக்குக் கலர்ப் பென்சிலும் வெள்ளைத்தாளும் வாங்கிக் கொடுத்தேன். தாளைத் தட்டும் பழக்கம் மெல்ல நின்றது. கூடவே வரைவதும் நின்றது. தாளை எடுத்து வைப்பாள், பென்சிலைக் கூராக்குவாள், என் முகத்தைப் பார்ப்பாள், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் காம்பராவுக்கு வெள்ளையடித்தார்கள். “சொவரு சும்மாதான் கெடக்கு, நீங்கதான் படம் வரையிறவங்களாச்சே,” என்றார் அக்கா. பிள்ளைகளிடம் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் பஸ் என்றார்கள். டெப்பில் பஸ்ஸை வரைந்து, திருத்தி, அச்செடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மகளையும் கூட்டிப் போனேன். தட்டி அழிக்க முடியாத சுவரிலேயே அம்மா துணிந்து வரைவதை அவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பஸ்ஸின் பெட்டி நன்றாக வந்தது. ஜன்னல்களும் வந்தன. டயர்தான் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போயிற்று. பின்னால் நின்ற ஒரு குட்டிப் பெண் கேட்டாள்.

“பஸ்ஸுக்குக் காத்து போயிருச்சா?”

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். காற்றுப் போகும் சத்தத்தையும் செய்து காட்டினார்கள். நான் பெயின்ட் காய்வதற்குள் துடைத்துவிடலாம் என்று திரும்பினேன். நான் கேட்கும் முன்பே மகள் ஈரத்துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்தாங்கம்மா, அழிங்க.”

அழித்தேன். புதுச் சுவரில் கறுப்பு இழுபட்டது. அதை மறைக்க டயரை இன்னும் பெரிதாக்கினேன், அதுவும் கோணியது. மறுபடி துணி வந்தது. அவள் சுவரைப் பார்க்கவேயில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நெற்றி சுருங்கும்போதே துணியைத் தண்ணீரில் முக்கினாள். அவள் டெப்பைத் தொட்டே பல வாரம் ஆகியிருந்தது.

மாலை தேநீர் குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

“என்னங்க, புள்ள என்னையப் பாத்துத்தான் இப்படி ஆயிருச்சோ?”

“டெப் வாங்குறதுக்கு முன்னாடி நீ என்ன கொறைச்சலா? கலியாணச் சேல எடுக்கப் போனப்ப, கடக்காரன் ஷட்டர இழுத்த பெறகும் நீ முந்தானையத் தடவிக்கிட்டுத்தான இருந்த.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. ஆனா கடைசில எடுத்தது நல்ல சேலதான்.”

அவர் சொல்வது சரியென்றே படுகிறது. ஆனால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு நான்தான் போர்டு எழுதுவேன். ஒரே ஒரு பிரிஸ்டல் போர்டு அட்டைதான் தருவார்கள். பென்சில்கூட வைக்காமல் நேரே மார்க்கரால் எழுதுவேன். எழுதும் முன் போர்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். படம் முழுவதும் மனதுக்குள் வந்த பிறகுதான் கை போகும். இப்போது வெறும் திரையை அப்படி யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களா? கை முதலில் போகிறது, மனது பின்னால் வந்து குறை சொல்கிறது. அப்படியானால் கருவிதான் என்னை மாற்றியதா? அல்லது எனக்குள் இருந்த தயக்கத்துக்கு அது வசதியான இடம் கொடுத்ததா?

காம்பராச் சுவரில் பாதிதான் முடிந்திருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் பாதையும் மரங்களும் வரைய வேண்டும். வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் அக்கா. தை பிறந்தால் மகள் முதலாம் வகுப்பு. அங்கே தினமும் தாளும் பென்சிலும்தான்.

அவளைக் கூட்டிப் போவதா, தகப்பனிடம் விட்டுவிட்டுப் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டிப் போனால் நான் தடுமாறுவதையும் துடைப்பதையும் மறுபடி பார்ப்பாள். விட்டுவிட்டுப் போனால், அம்மா வரைந்த மிச்சமெல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்ததென்று நினைத்துக்கொள்வாள். இரண்டில் எது அவள் கையைக் கட்டிப்போடாது?

சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரைகிறவர்கள், தைக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.