பஷீர் இழை

லேபிளின் பசையை நாக்கால் நனைக்கமாட்டார் பஷீருதீன். பீங்கான் தட்டில் ஈரப்பஞ்சு வைத்திருக்கிறார். அதில் ஒற்றியெடுத்து, கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்துவார். வேறு யாராவது நாக்கை நீட்டிவிட்டால் போயிற்று.

"இன்னா மோசஸ், இது போஸ்டாபீசா? இன்னாத்த நக்குறோம்னு பாத்து நக்குய்யா!"

"உங்க வாய்ல கீறதவிடவா பாய்?" என்பார் பதிவேடு எழுதும் மோசஸ்.

செங்கற்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் பஷீருதீன் உதவியாளர். பல் நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த அழுக்கைக் கண்ணாடியில் தடவி, ஊதாச் சாயம் ஏற்றி, கிருமியின் பெயரை ஒட்டி அடுக்குவது வேலை. லத்தீன் தெரியாது. டாக்டர் தேசிகன் கிறுக்கித் தரும் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரைவார். அழகான எழுத்து என்று சொல்லமாட்டேன். பிழையில்லாத எழுத்து.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத வாய் ஒன்று தேவைப்பட்டது. டாக்டர் அவரையே வாயைத் திறக்கச் சொன்னார். கிடைத்த நூல் போன்ற கிருமி புத்தகத்தில் எதனோடும் ஒத்துவரவில்லை. புதிதாக இருக்கும் என்று நினைத்த டாக்டர், முடிவு தெரியும்வரை இருக்கட்டும் என்று 'பஷீர் இழை' என எழுதவைத்தார். அந்த இரண்டு சொற்களை எழுத அவருக்கு அரைநாள் ஆயிற்றாம்.

அன்றோடு வெற்றிலையை விட்டார். தொழுகைக்கு முன் மும்முறை வாய் கொப்பளிக்கும்போது முதல் இரண்டும் எல்லோரையும் போலத்தான். மூன்றாவது முறை நீரை வாயில் நிறுத்தி, கண்ணை மூடி, அசையாமல் நிற்பார்.

"உள்ள யாராச்சும் தூங்கிகினுகீறாங்களா? நாஸ்தா ஆறுது, துப்புங்க!" என்பார் மனைவி ஃபக்ருன்னிசா.

ஞாயிறு மாலைகளில் பஸ் ஏறி மாமல்லபுரம் போவார். அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நானும் ஒருமுறை உடன் போயிருந்தேன். ஈர மணலில் நுரை வருவதும் ஊறி மறைவதுமாக இருந்தது. பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி அலைல எதுக்காச்சும் பேரு கீதா சார்? எனக்குள்ள கீறதுக்குக் கீது."

இந்த ஐம்பத்தேழாம் வருஷத்தில் வெளிநாட்டிலிருந்து கிருமிகளின் புதிய பெயர்ப் பட்டியல் வந்தது. ஒரே பெயரில் கிடந்தவை பிரிந்தன. பல பெயர்களில் திரிந்தவை ஒன்றாயின. டாக்டர் எல்லாவற்றையும் மீண்டும் வளர்த்துச் சோதிக்கத் தொடங்கினார். பஷீருதீன் மறுபடி வாயைத் திறந்தார். அவர் கிருமி வளரும் ஜாடிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பதினைந்து நாளும் அங்கேதான் உட்கார்ந்து எழுதினார்.

பதினாறாம் நாள் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பஷீர், இது புதுசில்லே. பட்டியல்ல இருக்கிற லெப்டோட்ரிக்கியாதான். அப்போ நான்தான் அவசரப்பட்டுட்டேன். பொதுவா எல்லார் வாயிலேயும் இருக்கிறதுதான்."

"எல்லார் வாய்லயுமா சார்?"

"ஆமா."

"உங்க வாய்ல?"

"என் வாயிலேயும் இருக்கும்."

"அப்ப நாமெல்லாம் சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க பாய்" என்றார் மோசஸ். சன்னல் வெயில் சாயப் புட்டியின் வழியே மேசைமேல் ஊதா நிறமாக விழுந்திருந்தது. பஷீருதீன் அதில் கையை வைத்துப் பார்த்தார், எடுத்துக்கொண்டார்.

"மாத்திடலாம் சார்."

பழைய லேபிளை பிளேடால் சுரண்டினார். எளிதில் வரவில்லை, ஆறு வருஷத்துக்கு முன் அழுத்தி ஒட்டியது. துகள்களை ஊதாமல் தாளில் கூட்டி ஓரமாக வைத்தார். நீண்ட புதுப் பெயரை, பட்டியலைப் பார்த்து, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினார்.

ஈரப்பஞ்சு கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மோசஸ் பதிவேட்டில் குனிந்திருந்தார். பஷீருதீன் லேபிளைத் திருப்பி, நாக்கை நீட்டி, ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல நனைத்து, கண்ணாடியில் ஒட்டினார்.