இன்று ஒருநாள் மட்டும்

வாழை மரத்த வெட்டுன அந்த வீடியோவுலதான் எல்லாம் ஆரம்பிச்சுச்சு. ஒரே வெட்டு. மரம் ரெண்டாப் போயி விழுந்துச்சு, உள்ள இருந்த தண்ணி தெறிச்சு போன் கண்ணாடி வரைக்கும் வந்துச்சு. வெட்டுனவரு வீரபத்திரன் அண்ணன். போனப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவரு சம்சாரம் ராஜேஸ்வரி.

என் பேரு அப்ரோஸ் பேகம். பாளையம்பட்டியில கூரியர் கடை வச்சிருக்கேன். என் கடைக்கும் அண்ணன் பட்டறைக்கும் நடுவுல ஒரு தகர மறைப்புத்தான். ராஜேஸ்வரி சம்மட்டி போட்டா என் சுவத்துல காலண்டர் ஆடும். அண்ணன்னு கூப்புடுறேனே தவிர கூடப்பிறந்தவரு இல்ல. ஆனா என் கூடப்பிறந்தவனுக செஞ்சதவிட அவரு எனக்குச் செஞ்சது அதிகம், அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். ஆளு பாக்கத்தான் கருப்பசாமி செலை. எதுத்த கடையில கோழிய அறுத்தாக்கூட மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிருவாரு. அடிக்கிறது அருவா, மனசு இப்படி.

மதுரையில ஒரு பயலுக்குக் காசு குடுத்து வெப்சைட்டு போட்டாரு. போட்டா ஆளு வந்துருமா? ஒரு ஈ காக்கா வரல. மனுசன் விடல. உலையில இரும்பு காயிற நேரமெல்லாம் போனும் கையுமா உக்காந்து, யாவாரத்த எப்படி ஆன்லைன்ல ஏத்துறதுன்னு வீடியோவாப் பாத்தாரு. சனங்க எந்த வார்த்தையப் போட்டுத் தேடுறாகளோ அந்த வார்த்தையில பொருளுக்குப் பேரு வைக்கணுமாம். வெறும் அருவான்னு இருந்தத 'தென்னை மட்டை வெட்டும் அருவா'ன்னு மாத்துனாரு. வாங்குனவுககிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஸ்டார் போட வச்சாரு. வாங்குன ஆளுக நம்பரையெல்லாம் சேத்து வாட்ஸப்புல ஒரேயடியா மெசேஜ் போற மாதிரி வச்சாரு. நாப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஆம்பளையாளுக கண்ணுல மட்டும் படுற மாதிரி காசு கட்டி வெளம்பரமும் ஓட்டுனாரு.

அப்பவும் மந்தந்தான். கடைசியிலதான் இந்த வாழை மர வீடியோ. அதுக்கு ஒரு தெனாவெட்டான பாட்டச் சேத்து விட்டாரு. அவ்வளவுதான், எளவட்டப் பயலுக பூரா ஸ்டேட்டஸ்ல வச்சு ஊரு ஊராப் பரப்பிட்டானுக. பார்சல் கட்டிக் கட்டி எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அண்ணன் மொகத்துல அப்படி ஒரு பூரிப்பு, ராஜேஸ்வரிக்கு ரெண்டு சேல எடுத்துக் குடுத்தாரு.

மாசி மாசம் கடைசியில, கட்டி வச்ச பார்சல எல்லாம் ஊர்வாரியாப் பிரிச்சு அடுக்கிக்கிட்டு இருந்தேன். பாதிக்கு மேல ஒரே ஊரு, போன வாரம் அனுப்புனதும் அப்படித்தான். திருச்சுழிக்கு அங்கிட்டு இருக்கிற கரிசப்பொட்டல். அண்ணனோட தங்கச்சி செல்லக்கிளியக் கட்டிக் குடுத்த ஊருதான்.

"அண்ணே, கரிசப்பொட்டல்ல அம்புட்டுத் தென்னையா இருக்கு?"ன்னு கேட்டேன்.

சிரிச்சாரு. "போ தங்கச்சி, அங்க குடிக்கிற தண்ணியே லாரியில வருது. தென்னைக்கு எங்க போக? பூரா சீமைக்கருவேலந்தான்."

சொல்லி முடிக்கல, சிரிப்பு நின்னு போச்சு. என் கையில இருந்த பார்சலப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

அந்த ஊர்ல பங்குனித் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்குன்னு மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வருசா வருசம் அடிதடி. போன வருசம் கம்புல அடிச்சு ஏழெட்டு மண்டை ஒடைஞ்சுச்சு. இந்த வருசம் கம்பு இல்ல போல. பார்சல் அட்ரஸப் பாத்தா, ரெண்டு தெருக்காரனுகளும் எங்க அண்ணன்கிட்டயே அருவா வாங்கியிருக்கானுக, நாசமாப் போறவனுக.

அங்கயே நின்னு தங்கச்சிக்குப் போனப் போட்டாரு. ஸ்பீக்கர்ல கிளி குரலு எனக்கும் கேட்டுச்சு. "கட்டிலுக்கடியில சாக்குல சுத்தி வச்சிருக்காருண்ணே. எதுக்குன்னு கேட்டதுக்கு அறைஞ்ச அறையில காது இன்னும் கொய்யுங்குது. கீழத்தெரு பாண்டீஸ்வரன் தலைய எடுக்காம விடமாட்டாராம். ஒண்ணு அவரு பொணமா வருவாரு, இல்ல செயிலுக்குப் போவாரு. நான் ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு என்னண்ணே செய்வேன்?"

கிளி புருசன் பேரு சீனிச்சாமி. மேலத்தெருவுல மொத ஆளா முன்னாடி நிக்கிற கோவக்காரப்பய.

"போலீசுக்குச் சொல்லுங்கண்ணே"ன்னேன்.

"சொன்னா மொத வெலங்கு எங்க மாப்ளைக்குத்தான். அந்தப் பிள்ள தாலியக் காப்பாத்தணும் தங்கச்சி. இந்தப் பார்சல அனுப்பாத. முந்தியே போன அருவாள எல்லாத்தையும் திரும்ப வாங்கிப்புடணும்."

எப்படி வாங்குறது? எங்க அண்ணனுக்குத் தெரிஞ்ச வித்தை இப்ப வெளம்பரந்தான். ராத்திரி தூங்காம யோசிச்சாரு போல, காலையில என்கிட்ட வந்து மெசேஜக் காட்டுனாரு. 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்! பழைய அருவாளைக் கொடுங்கள். ஒரு சாண் அதிக நீளத்தில் புது அருவாள் இலவசம். பத்து நாளில் உங்கள் வீடு தேடி வரும். இன்று ஒருநாள் மட்டும்.' பத்து நாளுக்குள்ள திருவிழா முடிஞ்சிரும். புதுசு வரலைன்னு எவனாச்சும் கேட்டா, கூரியர்ல லேட்டுன்னு நான் சொல்லணும். நல்ல யோசனையாத்தான் தெரிஞ்சுச்சு. சரின்னேன். வாட்ஸப்புலயும் வெப்சைட்டுலயும் போட்டு விட்டாரு.

அந்த 'இன்று ஒருநாள் மட்டும்' எதுக்குன்னு கேட்டேன். அதப் போட்டாத்தான் சனங்க பதறியடிச்சு வருவாகளாம், வீடியோவுல சொன்னானாம். சொன்னவன் கட்டையில போக.

பதறியடிச்சுத்தான் வந்தானுக. மேலத்தெரு ஒரு லோடு ஆட்டோவுல, கீழத்தெரு பைக்குல. ஒரு சாண் நீளம்னா சும்மாவா? தினத்தந்தி பேப்பருலயும் சாக்குலயும் சுத்தி ஆளுக்கொரு அருவா. மொதல்ல வந்த மேலத்தெருக்காரனுக குடுத்துட்டு, டீயக் குடிச்சுக்கிட்டு நின்னானுக. பட்டறை வாசல்ல அருவா குவிய ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் பாண்டீஸ்வரன் வண்டிய நிப்பாட்டி எறங்குனான், அவன் பின்னாடி கீழத்தெரு பூரா. ஒரே வாசல்ல ரெண்டு தெருவும். யா அல்லா! இது ஏன் எங்க ரெண்டு பேரு மண்டைக்கும் முந்தியே ஒறைக்கல?

"ஏலே, இவனுகளுக்கும் ஒரு சாண் நீளமா?"ன்னு எவனோ கேட்டான்.

சீனிச்சாமி எங்க அண்ணன் சட்டையப் பிடிச்சான். "ரெண்டு பக்கமும் வித்தியா? பொண்ணக் குடுத்த ஊருன்னுகூடப் பாக்காம எதிராளிக்கும் வித்தியா?" பிடிச்ச பிடியில தகர மறைப்புல கொண்டுபோயி மோதுனான். மோதுன மோதுல என் கடைக் காலண்டர் கீழ விழுந்துச்சு.

பாண்டீஸ்வரன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் கேடு. சீனிச்சாமி எங்க அண்ணன விட்டுட்டு, கையில இருந்த சாக்க உதறி அருவாள எடுத்தான். குடுத்தவனுக குவியல்ல பாய்ஞ்சு திரும்ப எடுத்தானுக. டீ கிளாஸு ஒடையுது, பைக்கு சாயுது, ஒருத்தன் தோள் சட்டை கிழிஞ்சு செவப்பாயிருச்சு. ஒருத்தன் என் மேசை மேல வந்து விழுந்தான், காது தொங்குது. ராஜேஸ்வரி சம்மட்டியத் தூக்கிக்கிட்டு, "வாங்கடா, எவன்டா என் வாசல்ல!"ன்னு சுத்துறா. ஒருத்தன் மொழங்காலு ஒடைஞ்ச சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

சீனிச்சாமி ஓங்குனத நான் பாத்தேன். பாண்டீஸ்வரன் கால் தட்டிக் கீழ கெடக்கான், கழுத்து நேரா இருக்கு. நடுவுல அண்ணன் போயிட்டாரு. கோழி ரத்தம் பாக்காத மனுசன், வெறுங்கைய நீட்டுனாரு. "மாப்ள, வேணாம்!"

வாழை மரத்த ஒரே வெட்டுல சாய்க்கிற அருவா. பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மண்ணுல விழுந்துச்சு.

சீனிச்சாமி அருவாளோட ஓடுனான். மத்தவனுக கையில இருந்ததக் கீழ போட்டுட்டு ஓடுனானுக. நான் என் முக்காட்டக் கழட்டி அண்ணன் கையச் சுத்துனேன்.

டவுனு ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவரு கேட்டது வெரல இல்ல. "எல்லாம் வந்துருச்சா?"

"குவியல போலீசு அள்ளிக்கிட்டுப் போயிட்டாக. ஒண்ணுதான் பாக்கி. உங்க மாப்ள கையில இருக்கு"ன்னேன். வயித்தெரிச்சல்லதான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் செல்லக்கிளி வந்தா. ராஜேஸ்வரி அவ கொண்டையப் பிடிச்சு இழுத்து விட்ட அறையில வாயோரம் ரத்தம் வந்துருச்சு. "சம்மட்டி போட நான் இருக்கேன், இரும்பத் திருப்பிப் பிடிக்க இனி எவன்டி இருக்கான்?"

"அடிங்க மதினி, நல்லா அடிங்க"ன்னு நின்னா கிளி. இடுப்புல இருந்து பழைய சேலையில சுத்துன ஒண்ண எடுத்து கட்டில்ல அண்ணன் காலுகிட்ட வச்சா. சேலை ஒரு பக்கம் கருத்துக் காஞ்சு போயிருந்துச்சு.

"பழசு கொண்டாந்துட்டேண்ணே. எனக்குப் புதுசு வேணாம். பதிலுக்கு அவரக் குடுத்துரு."

கிளி கண்ணத் தொடைக்கக்கூட இல்ல. வெளிய பூட்ஸு சத்தம் கேட்டுச்சு, நான் அந்தப் பொட்டலத்தக் கட்டிலுக்கடியில தள்ளி விட்டேன்.

எஸ்.ஐ. வந்து, வெட்டுனது யாருன்னு கேட்டாரு.

"சண்டை நடந்துச்சு சார். ஆனா இது அதுல பட்டது இல்ல. அதுக்கு முந்தியே, வெளம்பரத்துக்கு வாழை மரம் வெட்டி வீடியோ எடுத்தேன். கை வழுக்கிருச்சு."

எஸ்.ஐ. ஒண்ணும் கிறுக்கரு இல்ல. என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியாம்மா?"ன்னாரு. கிளி தரையப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சீனிச்சாமியப் பேரு ஊரோட சொல்லி உள்ள தள்ளியிருப்பேன். அண்ணன் என் மொகத்தையே பாத்தாரு.

"போனப் பிடிச்சதே நான்தான் சார்"ன்னேன்.

எல்லாரும் போன பிறகு அண்ணன் போன எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. "தங்கச்சி, அந்த ஆஃபரு வெப்சைட்டுல இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. எவனாச்சும் வந்துரப் போறான்."

போன மடியில வச்சுக்கிட்டு, எப்பவும் போல பெருவிரல் ரேகைய வச்சுத் தொறக்கப் போனாரு. கட்டுப் போட்ட கைய அதுமேல வச்சாரு. தொறக்கல. இன்னொருவாட்டி வச்சாரு. அப்புறந்தான் அவருக்கு வெளங்குச்சு. பச்சப்பிள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு.

நான் போன வாங்கி, அவரு சொன்ன நம்பரப் போட்டுத் தொறந்தேன். 'இன்று ஒருநாள் மட்டும்'ங்கிறத அழிச்சேன். அந்த எடத்துல, 'ஆஃபர் முடிந்தது'ன்னு அடிச்சு விட்டேன்.